நீலச் சிலுவை வந்த வழி

1759 அக்டோபரில் நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து ஸ்பெயினுக்குக் கப்பலேறிய ஒரு ராஜா, தன்னோடு மண்ணையும் ஏற்றிக்கொண்டு போனார். பிறந்த மண்ணின் நினைவுக்கு ஒரு பிடி என்ற கதையில்லை இது. பீங்கான் செய்வதற்காக அரைத்துப் பக்குவப்படுத்தி வைத்திருந்த கலவை, டன் கணக்கில். கூடவே அச்சுகள், கருவிகள், வேலை தெரிந்த ஆட்கள், அவர்களுடைய குடும்பங்கள். சூளையை மட்டும்தான் தூக்க முடியவில்லை. அண்ணன் இறந்துபோனதால் ஸ்பெயின் சிம்மாசனம் அவருக்கு வந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஆண்ட நேப்பிள்ஸை மூன்றாவது மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியவர், பீங்கான் ஆலையை மட்டும் மகனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்த ராஜாவின் மனசு புரியும். செராமிக் தொழிற்பேட்டையில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஊர்ப் பேர் சொன்னால் வெளியூர்க்காரர் பழமலைநாதர் கோயிலைச் சொல்வார், அடுத்தபடியாக அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று பீங்கான் சாமான்களைச் சொல்வார். கட்டடம் போனால் வேறு கட்டடம் பிடிக்கலாம்; கலவையின் கணக்கும் அதைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லும் ஆளும் போய்விட்டால் தொழில் போயிற்று. அதை ஒரு ராஜா தெரிந்து வைத்திருந்தார் என்பதுதான் விசேஷம்.

அவர் மூன்றாம் கார்லோஸ். மனைவி மரியா அமாலியா சாக்சனி நாட்டுப் பெண். அந்தப் பெண்ணின் தாத்தா அகஸ்டஸ், பொன் செய்யத் தெரியும் என்று சொல்லித் திரிந்த போட்கர் என்ற இளைஞனைப் பிடித்து அடைத்து வைத்து, பொன் செய் என்று உட்கார வைத்தவர். பொன் வரவில்லை. 1708இல் வந்தது வெள்ளைப் பீங்கான். அதுவரை ஐரோப்பாவில் யாருக்கும் பிடிபடாத சீன வித்தை. இரண்டு வருடத்தில் மைசன் ஆலை தொடங்கியது. அந்த வீட்டுப் பேத்தியைக் கட்டிக்கொண்ட கார்லோஸ், 1743இல் நேப்பிள்ஸ் மலைமேல் கபோடிமோண்டேயில் தன் ஆலையைத் தொடங்கினார். அங்கே ஒரு சிக்கல்: கயோலின் என்கிற நல்ல வெள்ளைக் களிமண் கிடைக்கவில்லை. நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளை மண் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நமக்கு அந்தத் தவிப்பு தெரியாது. கிடைத்த மண்ணில் ஃபெல்ட்ஸ்பாரைக் கூட்டி, குறைந்த சூட்டில் வேகும் மென்பீங்கானாகச் செய்து சமாளித்தார்கள். பாலாடை நிறத்தில் அழகாகவே வந்தது.

மாட்ரிட்டில் புவென் ரெத்திரோ அரண்மனைத் தோட்டத்தில் புது ஆலை எழுந்தது. ஊர்க்காரர்கள் அதை ‘லா சீனா’ என்றார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியாருக்குத் தெரியாதபடி காவல். அந்த ஆலை 1760களில் அரண்ஹுவெஸ் அரண்மனைக்கு ஓர் அறை செய்து கொடுத்தது. அறைக்குச் சாமான் அல்ல, அறையையே. நான்கு சுவரும் பீங்கான் பலகை. பலகை மேல் சீனத்து மனிதர்கள், பழக்கொத்து, குரங்கு, பறவை எல்லாம் புடைப்பாக. நேப்பிள்ஸ் பக்கம் போர்ட்டிச்சியில் இதற்கு முன் செய்த அறையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். துண்டுகளை மரச்சட்டத்தில் திருகாணி போட்டு முடுக்கியிருந்ததால், பிற்காலத்தில் அந்த அறையையே கழற்றி வேறு அரண்மனையில் மாட்ட முடிந்தது. ஓர் அகலத் தட்டைக் கோணாமல் சூளையிலிருந்து எடுப்பதே பாடு என்று அறிந்தவர்கள், மூவாயிரம் துண்டு ஒன்றோடொன்று பொருந்துவதை நினைத்துப் பார்க்கலாம்.

பீங்கானை விட்டுவிட்டு இனி அந்த ராஜா செய்த இன்னொரு காரியத்துக்கு வருகிறேன். இரண்டும் தூரத்து உறவு இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

பட்டத்து இளவரசருக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லை. 1771 செப்டம்பர் 19 அன்று ஆண் குழந்தை பிறந்தது. பேர் கார்லோஸ் கிளெமென்ட்டே. தாத்தா அந்த மகிழ்ச்சியில் ஒரு விருதை ஏற்படுத்தினார். தன் பேரையே வைத்தார். அடுத்த வருடம் போப் பதினான்காம் கிளெமென்ட்டும் அதை ஆமோதித்தார். குழந்தை 1774 மார்ச்சில் இறந்துபோயிற்று. விருது இன்றும் இருக்கிறது. ஸ்பெயின் அரசு ஒரு குடிமகனுக்குத் தரக்கூடிய உயர்ந்த சிவில் கௌரவம் இன்றைக்கும் மூன்றாம் கார்லோஸ் விருதுதான். அமைச்சர்கள் பதவி விட்டு இறங்கும்போது அதன் பெருஞ்சிலுவையைப் பெறுவது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. இரண்டரை வயதில் இறந்த ஒரு குழந்தையின் பிறந்தநாள் பரிசு அது என்பது அணிகிறவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ.

பதக்கம் எப்படி இருக்கும்? எட்டு முனை கொண்ட சிலுவை. முனைக்கு முனை ஒரு பொன்மணி. சிலுவையின் கைகள் நீலம், ஓரம் வெள்ளை. கைகளுக்கு இடையே நான்கு பொன் லில்லிப் பூக்கள், பூர்போன் வம்சத்து அடையாளம். நடுவே முட்டை வடிவத்தில் சின்னதாக அமலோற்பவ மாதா, நீலப் போர்வையோடு பிறைமேல் நிற்கிறாள். பின்பக்கம் ராஜாவின் முதலெழுத்து. சுற்றி லத்தீனில் ‘நற்பண்புக்கும் தகுதிக்கும்’ என்று பொருள்படும் வாசகம். இது தொங்குவது இளநீலமும் வெள்ளையுமான பட்டு நாடாவில். கோயா வரைந்த ராஜகுடும்பப் படங்களில் ஆண்கள் மார்பின் குறுக்கே போகிற அந்த நீல வெள்ளைப் பட்டை இதுதான். அர்ஜென்டினாக் கொடியின் நிறமும் இந்த நாடாவிலிருந்து வந்தது என்று வாதிடுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. மரடோனாவின் சட்டைக்கும் ஒரு பீங்கான் ராஜாவுக்கும் அப்படியொரு முடிச்சு. உண்மையோ இல்லையோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த நீலத்தைத்தான் நான் விடாமல் பார்ப்பேன். பழைய பதக்கம் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் பொன்னைப் பார்ப்பார்கள், பிறகு யார் அணிந்தது என்று கேட்பார்கள். செராமிக் ஊரில் பிறந்தவனுக்குக் கண் போவது எனாமலில். எங்கள் ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் சூளை பார்த்த ஒருவரிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிலுவை ஒன்றின் பெரிய படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“இது கிளேஸ்தான் தம்பி. நாம மண்ணு மேல போடுறத அவன் தங்கத்து மேல போட்ருக்கான்.”

“தங்கம் உருகிடாதாண்ணே?”

“ஆயிரத்துக்கு மேல போனாத்தான் அது உருகும். இவன் எண்ணூறு பக்கத்துலயே எறக்கிருப்பான். பளபளப்பைப் பாரு, ஒரு நிமிஷம் கூடுதலா விட்டிருந்தா ஓரத்து வெள்ளைக்குள்ள நீலம் ஓடியிருக்கும்.”

அவ்வளவுதான் எனாமல் வேலையின் சாரம். மணல், போராக்ஸ் அல்லது ஈய ஆக்சைடு, சோடா இவற்றை உருக்கித் தண்ணீரில் கொட்டினால் நொறுங்குகிற கண்ணாடிக்குப் பேர் ஃபிரிட். அதை மாவாக அரைத்து, உலோகத்தில் குடைந்த பள்ளத்தில் நிரப்பி, 750 முதல் 850 டிகிரி வரை சில நிமிடம் சுட்டால் பதக்கத்து எனாமல். ஸ்டோன்வேர் சாமானுக்கு நம் சூளை 1,200ஐத் தாண்டுகிறது; அதற்கு ஏற்ற கலவை வேறு, குடும்பம் ஒன்று. நீலத்துக்கு இரண்டிலும் கோபால்ட். வெள்ளைக்கு அந்தக் காலத்து ஐரோப்பியர் வெள்ளீய ஆக்சைடு சேர்த்தார்கள். இன்றைய பீங்கான் ஆலைகள் சிர்கானைச் சேர்க்கின்றன. அந்தச் சிர்கான் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது.

கஷ்டம் வேறிடத்தில். சூட்டில் உலோகமும் கண்ணாடியும் ஒரே அளவு விரியாது, ஆறும்போது ஒரே அளவு சுருங்காது. கணக்குத் தப்பினால் எனாமலில் மயிரிழை விரிசல் ஓடும், அல்லது பொருக்காக உரிந்து வந்துவிடும். கப் சாசரில் வருகிற அதே கிளேஸ் வெடிப்பு. அதனால்தான் மெல்லிய தகட்டுக்கு முன்பக்கம் போலவே பின்பக்கமும் எனாமல் பூசுவார்கள், இரண்டு பக்க இழுப்பும் சமமாகட்டும் என்று. இருபுறமும் நீலமாக இருக்கிற கார்லோஸ் சிலுவைக்கு அழகோடு இந்த லாபமும் உண்டு. நடுவில் இருக்கிற மாதாவின் முகம் அரிசியளவு. அதைத் தீட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் திரும்பத் திரும்பச் சுட்ட கைக்குப் பேர் எதுவும் பதக்கத்தில் இருக்காது. செய்த கடையின் பேராவது பெட்டி மூடிக்குள் பட்டுத்துணியில் அச்சடித்திருக்கும். மாட்ரிட் செஹால்வோ, பார்சலோனா காஸ்டெல்ஸ் போன்றவை சேகரிப்பாளர்கள் தேடுகிற பேர்கள். ஸ்பானிய விருதுகள் பாரிஸ் பட்டறைகளிலும் செய்யப்பட்டன.

‘தகுதிக்கு’ என்று பொறித்த அந்தச் சிலுவையை அடைய ஆரம்பத்தில் என்ன தகுதி வேண்டும்? பெருஞ்சிலுவைக்காரர்கள் அறுபது பேர். ஆண்டுக்கு 4,000 ரியால் ஓய்வூதியத்தோடு இருநூறு வீரர்கள். எல்லோரும் நல்ல குலத்தில் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். அப்பா வழி, அம்மா வழி, தாத்தா, பாட்டி என்று ஞானஸ்நானப் பதிவுகளைத் திரட்டி, சாட்சி பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுகள் மாட்ரிட்டின் தேசிய வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. வம்சாவளி தேடுகிறவர்களுக்குப் புதையல். கூத்து என்னவென்றால், இதே ராஜா 1783 மார்ச்சில் இன்னோர் ஆணையும் போட்டார்: தோல் பதனிடுபவர், கொல்லர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர் ஆகியோரின் தொழில்கள் கண்ணியமானவை, இவற்றைச் செய்வதால் குலப்பெருமை குறையாது, ஊர்ப் பதவிகளுக்கும் தடையில்லை. கைத்தொழிலை இழிவென்று பார்த்த நாட்டில் அது பெரிய ஆணைதான். ஆனாலும் அவருடைய சொந்த விருது வாசலில் குலச்சான்று கேட்கும் பழக்கம் அவருக்குப் பின்னும் அறுபது வருடம் நீடித்தது. அரண்ஹுவெஸ் அறையை வனைந்தவன் அதைப் பார்த்திருப்பான், அணிந்திருக்க மாட்டான். மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டுப் பிள்ளை செராமிக் டிப்ளமோ படித்து இன்னொருவர் ஆலையில் சூப்பர்வைசராகிற எங்கள் ஊரிலிருந்து பார்த்தால், இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடிவதில்லை.

கார்லோஸின் நிழல் தமிழ்நாட்டின் மேலும் விழுந்திருக்கிறது; பதக்கமாக வரவில்லை, பகையாகவும் வெள்ளியாகவும் வந்தது. ஏழாண்டுப் போரின் கடைசியில் அவர் பிரான்சோடு சேர்ந்து இங்கிலாந்தை எதிர்க்க, இங்கிலாந்து அவருடைய மணிலாவைப் பிடிக்கத் தீர்மானித்தது. படை கிளம்பிய இடம் சென்னை. மூன்று வருடம் முன்பு பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் காத்த வில்லியம் டிரேப்பர்தான் தளபதி. 1762 ஆகஸ்டு தொடக்கத்தில் கப்பலேறிய கூட்டத்தில் வெள்ளைக்காரப் படையோடு கம்பெனிச் சிப்பாய்களும் சுமை தூக்கும் லஸ்கர்களும் பாண்டிச்சேரியில் சிறைப்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களும் கலந்திருந்தார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. 1764 வரை கம்பெனியின் ஆள் அங்கே கவர்னராக இருந்தார். படை திரும்பியபோது சிப்பாய்கள் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் குடும்பம் நடத்தித் தங்கிவிட்டார்கள். அந்த வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

வெள்ளியின் கதை இன்னும் சுவாரசியமானது. மெக்சிகோவிலும் பெருவிலும் அச்சான எட்டு ரியால் வெள்ளிக்காசுதான் அன்றைய உலகச் செலாவணி. 1772 முதல் அதில் கார்லோஸின் முகம். பிறகு அதே பேருள்ள அவர் மகனின் முகம். வணிகத்தில் அந்தக் காசு மூட்டை மூட்டையாகச் சென்னைக்கு வந்து இறங்கியது. 1808 வாக்கில் சென்னை நாணயச்சாலை வெள்ளியில் அரை வராகன் அடித்தது. ஒரு பக்கம் கோயில் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரம். மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே சாமி, தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. சில காசுகளை உருக்காமல் கொள்ளாமல் ஸ்பானியக் காசின் மேலேயே அச்சை இறக்கினார்கள். அடி சரியாக விழாத துண்டுகளில் கோபுரத்துக்கு அடியில் பழைய எழுத்துகளின் தடம் எட்டிப் பார்க்கும். ஸ்பெயின் ராஜாவின் முகத்தின் மேல் நம் கோபுரம் ஏறி உட்கார்ந்த காசு. நாணயம் சேர்ப்பவர்கள் அப்படிப்பட்ட துண்டுக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள்.

அதே 1808இல் ஸ்பெயினில் நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ராஜாவாக உட்காரவைக்கப்பட்டான். அவன் பழைய விருதுகளை ஒழித்துத் தன் பேரில் புதிது தொடங்கினான். பிரெஞ்சுப் படை லா சீனா ஆலையைக் கோட்டையாக்கிக்கொள்ள, 1812இல் வெலிங்டனின் படை மாட்ரிட்டுக்குள் வந்து, திரும்பிப் போகும்போது ஆலையைத் தகர்த்துவிட்டுப் போயிற்று. ராணுவக் காரணம் சொன்னார்கள். ஆங்கிலப் பீங்கானுக்குப் போட்டி ஒழிந்தது என்பது ஸ்பானியர்களின் நெடுநாள் முணுமுணுப்பு. ஆலை இருந்த இடத்தில் இப்போது ரெத்திரோ பூங்காவின் ‘வீழ்ந்த தேவதை’ சிலை நிற்கிறது. நரகத்துக்குத் தள்ளப்படும் லூசிஃபரின் சிலை. ராஜா கடல் கடத்திக் கொண்டுவந்த மண் ஐம்பது வருடத்தில் முடிந்துபோனது. அவர் பேரில் இருந்த சிலுவை 1814இல் ஏழாம் ஃபெர்னாண்டோ திரும்பியதும் உயிர்த்தெழுந்தது. 1847இல் குலச்சான்று போய், அது முழுக்கச் சிவில் விருதானது.

அதற்குப் பிறகு ஸ்பெயினில் விருதுகள் பெருகின. 1815இல் ஏற்கெனவே கத்தோலிக்க இசபெல் விருது வந்திருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் கைநழுவிக்கொண்டிருந்த நேரத்தில் விசுவாசமாக இருந்தவர்களுக்காக ஏற்பட்டது, சிவப்பு எனாமல். 1856இல் கொள்ளைநோயிலும் தீயிலும் பிறர் உயிர் காத்தவர்களுக்கு அறச்செயல் விருது. எனக்கு அந்த நாட்டுப் பதக்கங்களில் மரியாதை அதிகம் உள்ளது இதன்மேல்தான். பெற்றவர்களில் செவிலியரும் டாக்டரும் சாதாரணச் சனங்களும் உண்டு. 1902இல் கல்விக்கும் கலைக்குமான பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ விருது, 1926இல் சிவில் தகுதி விருது. 1931இல் ராஜா நாட்டை விட்டு ஓடியதும் குடியரசு மற்றவற்றில் பலவற்றை ஒழித்து இசபெலை வைத்துக்கொண்டது. மகுடத்தை எடுத்துவிட்டுக் கோட்டைமதில் வடிவக் கிரீடத்தைப் போட்டது. சேகரிப்பாளருக்கு இது வசதி: உச்சியில் இருக்கிற கிரீடத்தைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். கார்லோஸ் சிலுவையை 1942இல் ஃபிராங்கோ மீட்டார்.

அப்படி ஒழிக்கப்படுவதற்கு மூன்று வருடம் முன், 1928இல், மூன்றாம் கார்லோஸின் பெருஞ்சிலுவை ஓர் இந்தியரின் மார்புக்கு வந்தது. கபூர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங். கதை தொடங்குவது 1906 மே மாதம். பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவின் கல்யாணத்துக்கு மாட்ரிட் போயிருந்தார் மகாராஜா. கல்யாண ஊர்வலத்தில் மாடியிலிருந்து ஒருவன் பூங்கொத்துக்குள் வைத்து வீசிய குண்டில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், மணமக்கள் தப்பினார்கள். அந்த நாட்களில் கூர்சால் என்ற கொட்டகையில் அக்காவோடு ஆடிக்கொண்டிருந்த மாலகாப் பெண் அனிதா டெல்காடோவை மகாராஜா பார்த்தார். அவருக்கு முப்பத்து மூன்று வயது, அவளுக்குப் பதினாறு. பாரிசுக்கு அனுப்பிப் படிக்க வைத்து, 1908 ஜனவரியில் கபூர்தலாவில் சீக்கிய முறையில் கல்யாணம் செய்துகொண்டார். பேர் பிரேம் கௌர். 1925இல் பிரிந்தார்கள். அனிதா 1962இல் மாட்ரிட்டில் இறந்தார்.

இந்தக் காதல் கதையை எழுதாத பத்திரிகை இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன். பதக்கத்துக்கு வருவோம். ஜகத்ஜித் சிங் பதக்கங்களின் பெரும் பிரியர். பிரான்ஸ், எகிப்து, மொராக்கோ, துனீசியா, சிலி, பெரு, கியூபா என்று அவர் வாங்கிய விருதுகளை அடுக்கினால் ஒரு பள்ளிக்கூட உலகப்படம் தேவைப்படும். பிரெஞ்சு மாளிகை போல அரண்மனை, மராகேஷ் மசூதியைப் பார்த்துக் கட்டிய மசூதி, ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் இந்தியாவின் பிரதிநிதி. அந்த மனிதருக்கு ஸ்பெயின் தன் உயர்ந்த விருதைக் கொடுத்தது எந்தத் தகுதிக்கு என்று கேட்டால், ராஜாக்கள் ராஜாக்களுக்குக் கொடுத்துக்கொள்கிற மொய் அது என்பேன். பிரிட்டிஷ் வைஸ்ராய்க்குக் கீழே பத்தோடு பதினொன்றாக நிற்க வேண்டியிருந்தவருக்கு, ஐரோப்பாவின் ஓர் அரசவை சமமாக நடத்தியதன் அத்தாட்சி அந்த நீலப் பட்டை. அதை அவர் தேடியதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரண்மனை 1961 முதல் சைனிக் பள்ளி.

இப்படி அலைந்த சிலுவைகள் இன்று ஏலங்களில் வருகின்றன. எப்படி நம்புவது? இதற்கு எங்கள் ஊரில் பழைய வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். சுந்தரர் எங்கள் ஊரான திருமுதுகுன்றத்தில் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். வழியில் கள்ளர் பயம் என்று அதை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று நாம் கேலிக்குச் சொல்வதன் மூலம் அது. ஆனால் சுந்தரர் ஏமாளி இல்லை. ஆற்றில் இடுமுன் பொன்னில் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்திலிருந்து எடுத்ததை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது; பாடித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. உரைத்துக் காட்டியவர் என்று குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

பதக்கத்துக்கு மச்சம் என்பது காகிதம். விருதுப் பத்திரம், அதில் தேதி, பெற்றவர் பேர். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு ஸ்பெயினின் பழைய அரசிதழான கசெத்தா தெ மாட்ரிட்டில் தேடலாம். பழைய இதழ்களெல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. பத்திரமும் அரசிதழும் ஒத்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி சிலுவையின் உடம்பில். எட்டு முனைகளிலும் எனாமல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அணிந்த பதக்கம் பொத்தானிலும் மேசையிலும் இடிபட்டிருக்கும். உடைந்த இடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சில் பார்த்தால், சுட்ட எனாமல் சிப்பி போல வளைந்து வளைந்து உடைந்திருக்கும். பீங்கான் கோப்பையின் விளிம்பு தெறித்த இடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவு தெரியும். ரெசின் ஊற்றி ஒப்பேற்றிய இடம் அப்படி உடையாது, மழுங்கலாக இருக்கும், தட்டினால் ஒலி செத்திருக்கும். புற ஊதா டார்ச் அடித்தால் பெரும்பாலும் அது மட்டும் தனியே ஒளிரும். நல்ல எனாமலைத் திரும்பச் சூளைக்கு அனுப்பிச் சரிசெய்வது ஆபத்து. மாதாவின் முகம் போய்விடும், பழைய ஈயப்பற்று உருகும். அதனால்தான் உடைந்த சிலுவைகள் ரெசினோடு சந்தைக்கு வருகின்றன. உடைசலை உடைசலாகவே விற்கிறவரிடம் வாங்குவது மேல்.

வாங்கி என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. போட்டுக்கொள்ள முடியாது, அது வேறொருவர் பெற்றது. நாமே பெற்றாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 18ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் எவரும் வெளிநாட்டிடமிருந்து பட்டம் ஏற்கக் கூடாது என்கிறது. பதக்கம் வேறு, பட்டம் வேறு. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, ஆனால் பேருக்கு முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம்தான் பிரான்ஸ் நம்முடைய நடிகர் திலகத்தைச் செவாலியே ஆக்கியிருந்தது. சுவரொட்டி எழுதிய ரசிகர்கள் தீர்ப்பைப் படித்துக் காத்திருக்கவில்லை.

இன்னொரு சட்டம் சேகரிப்பாளர்களை நேராகத் தொடுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறு வருடம் கடந்த கலைப்பொருளும் காசும் தொல்பொருள். மத்திய அரசோ, அது அனுமதித்த அமைப்போ அன்றி வேறு யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. சென்னையில் அடித்த அரை வராகன் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. ஜகத்ஜித் சிங்கின் பெருஞ்சிலுவை 1928லேயே செய்யப்பட்டதாக வைத்துக்கொண்டாலும் 2028இல் நூறு முடிகிறது. இந்தியாவில் ஏதாவது ஒரு பெட்டகத்தில் அது இருந்தால், அதற்குப் பிறகு வைத்திருப்பவர் விரும்பினாலும் மாட்ரிட்டில் ஏலத்துக்கு அனுப்ப முடியாது. ஸ்பெயின் ராஜா கொடுத்ததை ஸ்பெயினுக்கே அனுப்பக்கூட டெல்லியில் விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.